பானெட்டில் சிமாயோ மண்

புனித வெள்ளியன்று பெயின்ட் அடிக்கக் கூடாது என்று எஸ்பன்யோலாவில் யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. யாரும் அடிப்பதில்லை, அவ்வளவுதான். அன்று ஆணி அடிக்க மாட்டார்கள், மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் சிமாயோ கோயிலுக்கு நடந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் வீட்டில் பனோச்சா களி கிண்டிக்கொண்டு, நடந்து போனவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பெனீக்னா பெயின்ட் அடித்தாள். காரணம் காற்று. ஏப்ரல் மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும், கண்ணில் காதில் எல்லாம் மண். அன்று பார்த்துக் காலையிலிருந்து ஓர் இலைகூட அசையவில்லை. அவள் பட்டறைக்கு முன்னால் இருக்கும் மண் பாதையில் ஒரு வண்டி போகவில்லை. இப்படி ஒரு நாள் வருஷத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. தரையெல்லாம் தண்ணீர் தெளித்தாள், கழற்றி வைத்திருந்த கார் பானெட்டைத் துடைத்தாள், சிலுவை போட்டுக்கொண்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். நிறமில்லாத மேல்பூச்சு, மூன்று கோட் கிளியர். கடைசிக் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பானெட் குளம் மாதிரி கிடந்தது.

வண்டி அர்சேனியோவுடையது. அறுபத்து மூன்றாம் வருஷத்து இம்பாலா. வயிறு தரையைத் தொடுகிற மாதிரி இறக்கி வைத்த வண்டி, நத்தை வேகத்தில் போவதற்கென்றே பிறந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அர்சேனியோ கூரை வேலை செய்யும்போது விழுந்து முதுகை உடைத்துக்கொண்டார். அவர் படுக்கையில் கிடந்த குளிர்காலத்தில், பனி பாரம் தாங்காமல் கொட்டகைக் கூரை இம்பாலாவின் பானெட் மேல் உட்கார்ந்துவிட்டது. அப்பா அங்கே படுக்கையில், பிள்ளை இங்கே கொட்டகையில் என்று ஊரில் சிரித்தார்கள். இந்த வருஷம்தான் டாக்டர் அவரை மறுபடி ஓட்டலாம் என்றார். ஈஸ்டர் ஞாயிறு, பூசை முடிந்து, பள்ளத்தாக்கின் வண்டிகளெல்லாம் ஆற்றோரச் சாலையில் ஊர்வலம் போகும்போது அவர் தன் வண்டியில் இருக்க வேண்டும். அதுதான் பேச்சு.

பெனீக்னாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஆறு வருஷம் மாமா பட்டறையில் வேலை செய்துவிட்டு, போன இலையுதிர் காலத்தில் தனியாக வந்தவள் அவள். மாமா மகன் ட்ராங்கோ, "அவ டேப் ஒட்டுவா, வண்டி கழுவுவா. பெயின்ட் அடிக்கிறது வேற வேலை" என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தான். இம்பாலாதான் அவள் பெயரில் வெளியே போகிற முதல் வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஊரே குனிந்து அந்த பானெட்டைப் பார்க்கும்.

நிறமோ வம்பு பிடித்த நிறம். கேண்டி சிவப்பு. அடியில் வெள்ளி, அதன் மேல் கண்ணாடி போன்ற சிவப்பு, அதற்கும் மேல் கிளியர். மிட்டாய்த் தாளைக் கண்ணில் வைத்துக்கொண்டு சூரியனைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் கிளியரைத் தாண்டி ஓரிடத்தில் உரசல் பட்டாலும் போச்சு, அந்த இடம் வெளுத்துப் போகும், ஒட்டுப் போட்டு மறைக்க முடியாது. மற்ற பாகங்களெல்லாம் பிப்ரவரியிலேயே முடிந்து பளபளவென்று நின்றன. பானெட்டின் சிவப்பு மட்டும் இரண்டு தடவை தப்பாக வந்தது. மூன்றாம் தடவைதான் உடம்போடு ஒத்துப்போனது. நாலாம் தடவைக்கு அவளிடம் பெயின்டும் இல்லை, தெம்பும் இல்லை.

அம்மா வீட்டுக்குப் போய்க் களி சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். பட்டறைக்குள் லூசிண்டா உட்கார்ந்திருந்தாள், அர்சேனியோவின் மனைவி. கவிழ்த்து வைத்த வாளி மேல், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாக்ஸோடு. சாக்ஸின் குதிகால் இரண்டும் சிவந்திருந்தன.

"முடிச்சிட்டேன் மிஹா" என்றாள். அங்கே பெரியவர்கள் சின்னப் பெண்களை எல்லாம் மகளே என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்கள் பெரியவர்களைத் தியா, தியோ என்பார்கள், அத்தையாகவோ மாமாவாகவோ இருக்க வேண்டிய அவசியமில்லை.

"எங்கருந்து தியா நடந்தீங்க?"

"வீட்டுலருந்தே. எல்லாரும் பாதி தூரம் வண்டியில போயி இறங்குறாங்க. நான் அப்படியா வேண்டிக்கிட்டேன்? அவரு ஆபரேஷன்ல கெடக்கும்போது சொன்னேன், இந்த மனுஷன் திரும்ப அந்த வண்டியில உக்காந்தா, நடந்து வந்து மண்ணு எடுத்துட்டுப் போயி வண்டிக்குப் போடறேன்னு. போட்டுட்டேன்."

"என்ன போட்டீங்க?"

லூசிண்டா பானெட்டைப் பார்த்துத் தாடையை ஆட்டினாள்.

பானெட்டின் நட்ட நடுவில், ஒரு சாண் அகலத்துக்குச் சிலுவை. கோயிலின் பின்னறையில் சின்னக் குழியிலிருந்து எடுத்த மண், பொடியும் பருக்கையுமாக, சிவப்பு கலந்த பழுப்பு. நோய் பட்ட காலில் தேய்ப்பார்கள், வயிற்றில் தேய்ப்பார்கள், வாங்கிய புது வீட்டு வாசலில் தூவுவார்கள். லூசிண்டா அதை விரலால் கிள்ளி அழகாக, அளந்து தூவியிருந்தாள். கோணல்கூட இல்லை.

"கையே படல மிஹா. மேலருந்துதான் தூவினேன். என் மூஞ்சி அப்படியே தெரிஞ்சுது அதுல. என்னமா காஞ்சிருக்கு, என்னமா அடிச்சிருக்கேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பெனீக்னா குனிந்தாள். மேலாக இருந்ததை ஊதினாள், பறந்தது. பருக்கைகள் பறக்கவில்லை. கிளியர் அவற்றைப் பாதி விழுங்கியிருந்தது. வாயைத் திறந்தாள். லூசிண்டா கால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், வலியில் முகம் சுருங்கும்போதும் சிரித்துக்கொண்டே. பெனீக்னா வாயை மூடிக்கொண்டாள்.

அர்சேனியோ டிரக்கில் வந்து சேர்ந்தார், வண்டி விஷயத்தில் பழைய ஆள் என்பதால் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். மனைவியைக் கைத்தாங்கலாக டிரக்கில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி உள்ளே வந்தார்.

"எப்ப அடிச்ச?"

"காலையில. பதினோரு மணிக்குக் கடைசிக் கோட்டு."

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத மிஹா. ரெண்டு வருஷமா என்னைத் தூக்கி உக்கார வெச்சு, குளிப்பாட்டி... இந்த ஒண்ணுதான் அவ ஆசைப்பட்டுச் செஞ்சது. இதுவும் தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்." பானெட்டைக் குனிந்து பார்த்தார். "வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சு எடுத்துரலாம்ல?"

"எடுக்கலாம். எப்பங்கறதுதான் பிரச்சினை."

அதுதான் பிரச்சினை. சனி முழுக்க அவள் அதோடுதான் கிடந்தாள்.

பானெட்டுக்கு அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு பழைய தபால் பெட்டி மூடியையும் மாட்டிவைத்து, அதே பெயின்டை அதே கையோடு அடித்துவிடுவது பெனீக்னாவின் பழக்கம். பானெட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது, மூடியை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூடியில் நகத்தை வைத்து அழுத்தினாள். பிறை மாதிரி பதிந்தது. மோந்து பார்த்தாள், தின்னர் வாசம் மூக்கில் ஏறியது. பதினோரு மணிக்கும் பதிந்தது. ராத்திரிக் குளிர் இன்னும் உலோகத்தை விட்டுப் போகவில்லை. மூடியையும் பானெட்டையும் வெயிலுக்கு நகர்த்தினாள். ஒரு மணிக்கு நகம் லேசாகப் பதிந்தது. மூன்று மணிக்குப் பதிந்ததா இல்லையா என்று சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு தடவை பட்டறையைப் பெருக்கினாள், பெருக்கினால் தூசி வரும் என்று நினைவு வந்து நிறுத்தினாள். சும்மா இருப்பது அவளுக்கு வராத வித்தை.

நாலு மணிக்கு அர்சேனியோ வந்தபோது அவள் வாளித் தண்ணீரில் வாட்டர் பேப்பரை, நனைத்துத் தேய்க்கிற நைசான உப்புத்தாளை, ஊற வைத்துக்கொண்டிருந்தாள். மூடியின் ஓரத்தில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். பால் மாதிரி வெள்ளையாக வழிந்தது.

"வெள்ளையா இருக்கிற வரைக்கும் கிளியர்" என்றாள். "இப்ப பாருங்க."

அதே இடத்தில் விடாமல் தேய்த்தாள், எண்ணிக்கொண்டே. தண்ணீர் வெள்ளையாக வந்தது, வெள்ளையாக வந்தது, திடீரென்று சிவந்தது. துடைத்துக் காட்டினாள். விரல் நகம் அளவுக்கு ஓர் இடம் வெளுத்து, அடியிலிருந்த வெள்ளி பல்லைக் காட்டியது.

"தண்ணி செவந்துச்சுன்னா பானெட்டு போச்சு. மூணு கோட்டு, இவ்வளவுதான் நமக்கு இருக்கிறது. ஒரு தடவ தேய்க்கலாம். ரெண்டாந்தடவ தேய்க்க எடம் இல்ல."

மூடியின் மறு ஓரத்தில் அளவோடு தேய்த்து, பாலிஷ் போட்டுச் சக்கரத்தை ஓட்டினாள். பேப்பர் கொஞ்சம் பிசுபிசுத்தது. ஆனால் துடைத்ததும் மூடி ஜொலித்தது. அர்சேனியோ தன் மீசையை அதில் பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

"இதையே பானெட்டுல பண்ணிரு மிஹா. எதுக்குக் காத்திருக்க?"

அவளுக்கும் கை பரபரத்தது. பேப்பரை எடுத்துப் பானெட் பக்கம் போனாள். சிலுவையின் முதல் பருக்கை மேல் விரலை வைத்தாள். வாசம் வந்தது. லேசாகத்தான், ஆனால் வந்தது. உள்ளே இன்னும் தின்னர் இருக்கிறது, வெளியே வர வழி தேடிக்கொண்டிருக்கிறது.

"காலையில சொல்றேன் தியோ."

"காலையில பூசை."

"பூசைக்கு முன்னாடி சொல்றேன்."

ஞாயிறு காலை ஆறரைக்கு இருவரும் மூடிக்கு முன்னால் நின்றார்கள். நேற்று மீசையைக் காட்டிய இடம் கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி மங்கியிருந்தது. தேய்த்த கோடுகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பி வந்திருந்தன. தின்னர் வெளியேற வெளியேறக் கிளியர் சுருங்கியிருக்கிறது, பளபளப்பைக் கூடவே இழுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது.

அர்சேனியோ மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் போட்ட பாலிஷு, ராத்திரி வரைக்குமாவது நின்னுச்சுல்ல? இப்ப தேய்ச்சு பாலிஷ் போட்டா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தாங்காதா?"

"தாங்கும்."

"அவ்வளவுதான் நமக்கு வேணும். ட்ராங்கோ பாப்பான், எல்லாரும் பாப்பாங்க, உன் பேரு நிக்கும். நாளைக்கு மங்கிப் போனா போகட்டும், அப்புறம் நிதானமா இன்னொரு தடவ தேய்ச்சுக்கலாம்."

"இன்னொரு தடவைக்கு எடம் இல்லைன்னு சொன்னேனே தியோ."

பெனீக்னா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் நடந்தாள், திரும்பி வந்தாள். இரண்டு மணி நேரத்துப் பளபளப்பு. அதற்காகத்தான் ஆறு வருஷம் டேப் ஒட்டினாள் என்றுகூடச் சொல்லலாம். ஊர் ஒரு தடவைதான் பார்க்கும். பார்த்ததைத்தான் பேசும். அடுத்த மாதம் மங்கினால் யார் கொட்டகைக்குள் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவளும் இவரும் பார்ப்பார்கள். இவர் தினமும் பார்ப்பார். இரண்டு வருஷம் மல்லாந்து படுத்துக்கொண்டு சுவரில் இந்த வண்டியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"வண்டி இப்படியே போகட்டும்" என்றாள்.

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"என்னன்னு கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்கதானே சொல்லாதன்னீங்க."

பூசை முடிந்தது. இம்பாலா ஆற்றோரச் சாலையில் இறங்கியது, ஸ்டீயரிங்கில் அர்சேனியோ. லூசிண்டா பக்கத்தில், காலில் கட்டோடு, நல்ல உடையில். பின் சீட்டில் பெனீக்னா, ஜன்னலுக்குக் கீழே முடிந்தவரை சரிந்து. சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அர்சேனியோவைப் பார்த்து எழுந்து நின்று கை தட்டினார்கள். அர்சேனியோ ஒரு சுவிட்சைத் தட்ட, வண்டி ஹைட்ராலிக்கில் முன்னங்காலைத் தூக்கி ஒரு வணக்கம் போட்டது. பூங்காவை அடைந்து வரிசையில் நிறுத்தினார்கள்.

ட்ராங்கோ நேராக வந்தான். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு சுற்று, குறை சொல்ல முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பானெட்டுக்கு வந்தான். குனிந்தான். நிதானமாக நிமிர்ந்தான்.

"ப்ரீமா" என்று முறை சொல்லிக் கூப்பிட்டான். மாமா மகனல்லவா, கொஞ்சலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. "தரையில தண்ணி தெளிக்கணும்னு எங்கப்பா உனக்குச் சொல்லித் தரலையா?"

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவன், "அம்மை போட்ட மாதிரி இருக்கே" என்றான்.

"தெளிச்சேன்" என்றாள் பெனீக்னா.

"பின்ன இது என்ன, மிளகா விதையா?"

சிரித்தார்கள். பெனீக்னா கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாச் சிரிப்பும் நின்றுவிடும். அந்த வார்த்தை முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

"தூசி விழுறது சகஜம்தான்" என்றான் ட்ராங்கோ, பெரிய மனது பண்ணுகிறவனாக. "கூச்சப்படாத. மறுபடி வேணா எங்க பட்டறைக்கு வந்து—"

முன் கதவு திறந்தது. லூசிண்டா ஒரு காலை வைத்து, மற்றதை வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எதுடா தூசி?"

"தியா, நான் சும்மா..."

"எதுடா தூசின்னு கேட்டேன். சிமாயோ மண்ணுடா அது. இங்கருந்து நடந்து போயி, நடந்து வந்து, நான் போட்டது. எம் புருஷன் எந்திரிச்சு உக்காந்ததுக்கு."

அம்மை என்று சொன்னவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு, பெனீக்னா சற்றும் எதிர்பாராதபடி, அவன் குனிந்து சிலுவையை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருவர். ஓர் அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் உள்ளங்கையைப் பானெட்டில் பதிய வைக்கப் போனாள். அதற்குள் விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. வண்டிகளை விட்டுவிட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"தொடாதீங்க" என்றாள் பெனீக்னா. "ஐயோ, தொடாதீங்க. இன்னும் காயல."

அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. லூசிண்டாவுக்குக் கேட்டது. மெதுவாகத் திரும்பினாள்.

"காயலையா?"

பெனீக்னா தரையைப் பார்த்தாள்.

"இன்னிக்கே காயலைன்னா, வெள்ளிக்கிழம?"

அர்சேனியோ ஸ்டீயரிங்கை விட்டு நிமிரவேயில்லை. லூசிண்டா அவரைப் பார்த்தாள், பானெட்டைப் பார்த்தாள், கடைசியில் பெனீக்னாவைப் பார்த்தாள்.

"ஏன் மிஹா சொல்லல?"

"உங்க காலு" என்றாள் பெனீக்னா. "கொப்புளமா இருந்துச்சு."

லூசிண்டா அழப்போகிறாள் என்றுதான் தோன்றியது. அவள் அழவில்லை. நொண்டிக்கொண்டு பானெட்டுக்கு முன்னால் போய், கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்து நின்றாள்.

"போதும், தள்ளுங்க எல்லாரும். மண்ணு வேணும்னா குழி அங்கதான் இருக்கு, நடந்து போயி எடுத்துக்கங்க. நான் நடந்தேன்ல."

சாயங்காலம் வரை அங்கேயே நின்றாள். யாரையும் கிட்டே விடவில்லை.

அடுத்த ஐந்து வாரம் பெனீக்னா மூடியோடு வாழ்ந்தாள். பானெட்டின் ஓரத்தில் பதினோரு கைரேகைகள் இருந்தன, எண்ணி வைத்திருந்தாள். காலையில் மோந்து பார்ப்பாள், மத்தியானம் நகம் வைப்பாள். இடையில் ஒரு புதன்கிழமை ட்ராங்கோ பக்கத்துக் கடைக்கு வந்தவன் போல வந்தான். யாரும் கேட்காமலே மூடியை எடுத்து நகத்தை அழுத்தினான், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னும் ஒரு வாரம் விடு" என்றான்.

"தெரியும்" என்றாள். அவளும் ஒரு வாரம் என்றுதான் நினைத்திருந்தாள். அவன் வாசல் வரை போய், "செவப்பு நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஒரு வாரமும் போனது. மூடியில் வாசம் இல்லை. நகத்தை எவ்வளவு அழுத்தினாலும் நகம்தான் வலித்தது. தேய்த்துப் பாலிஷ் போட்டு வெயிலில் இரண்டு நாள் வைத்தாள், மங்கவில்லை. வண்டியைக் கொண்டுவரச் சொல்லி லூசிண்டாவுக்கு ஆள் அனுப்பினாள்.

லூசிண்டா வந்தபோது கையில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இருந்தது.

"தேய்க்கும்போது அந்தத் தண்ணி எங்க போகும்?"

"சாக்கடைக்குத்தான் தியா."

"அது ஆகாது." கிண்ணத்தைப் பானெட்டின் விளிம்புக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். "வெளிய உன் பாதாமி மரம் இருக்கே, அதுக்கு ஊத்திரலாம்."

"உங்களுக்கு வருத்தம் இல்லையா, எடுக்கிறதுல?"

"மண்ணு அதோட வேலைய முடிச்சிருச்சு. அவரு தெனமும் ஓட்டிக்கிட்டுல்ல இருக்காரு. எடு."

பெனீக்னா பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, கட்டையில் சுற்றி, முதல் பருக்கை மேல் வைத்தாள். பால் போல் வெள்ளையாக வழிந்து கிண்ணத்தில் இறங்கியது. துடைத்துப் பார்த்தாள், வழித்தெடுத்தது போல் இருந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கொண்டாள், மூடியில் எண்ணியதில் பாதிக்கு மேல் போகவில்லை. சிலுவையின் ஒரு கை மறைந்தது.

நடுவில் இருந்த பருக்கை பெரியது, ஆழமாக உட்கார்ந்திருந்தது. நாலு இழுப்பு இழுத்தாள். ஐந்தாவதில், வெள்ளைத் தண்ணீருக்கு நடுவே நூல் மாதிரி ஒரு சிவப்பு ஓடியது.

கை அப்படியே நின்றது. எண்ணியது தப்பா? அந்த இடத்தில் மட்டும் கிளியர் குறைவாக விழுந்ததா? ஐந்து வாரம், மூன்று தடவை அடித்த நிறம், ட்ராங்கோவின் முகம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. துணியை எடுத்துத் துடைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்னாச்சு மிஹா?"

சிவப்பு நூல் வழிந்து விளிம்புக்கு வந்தது. கிண்ணத்தில் விழுமுன் அவள் அதை விரலில் ஏந்தினாள். கட்டைவிரலால் தேய்த்தாள். நெறுநெறுவென்றது. பெயின்ட் நெறுநெறுக்காது.

துணியால் துடைத்தாள். அடியில் பானெட் ஆழமாக, முழுசாக, சிவப்பாக இருந்தது. பருக்கை இருந்த இடம் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல தியா" என்றாள். "மண்ணு கரையுது. கிண்ணத்த இன்னும் கொஞ்சம் கிட்ட பிடிங்க."